வாசகர் கேள்வி பதில்: கரண்ட் காருக்கு அரசாங்கம் எதுக்கு காசு குடுக்கணும்?

போன இதழ்ல ஒரு வாசகர் கேட்டதுக்கு, எலக்ட்ரிக் கார் நல்லது தான், அத தயாரிக்கிறவங்களுக்கு அரசாங்கம் கை குடுக்குறதும் சரி தான்னு நாலு வரியில பதில் எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள படிச்சு முடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. கோவமா எழுதினவங்க, கணக்கு போட்டு அனுப்பினவங்க, வீட்டு நிலைமைய சொல்லி யோசனை கேட்டவங்கன்னு எல்லாரும் இருக்காங்க. நாலு வரியில முடிக்கிற விஷயம் இல்ல இதுன்னு புரிஞ்சுது, அதனால இந்த இதழ் பூரா இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: கார் பின்னாடி புகை வரலன்னா புகையே இல்லன்னு ஆயிருமா? அந்த கரண்ட்ட நிலக்கரி எரிச்சு தானே எடுக்குறாங்க. இங்க வர்ற புகைய அங்க தள்ளி வச்சுட்டு சுத்தம்னு சொல்லலாமா? (ஓய்வு பெற்ற மின் நிலைய இன்ஜினியர்)

நீங்க அந்த வேலையில இருந்தவர், அதனால நேரா கணக்குக்கே போயிருவோம் சார். ஒரு லிட்டர் பெட்ரோல்ல கிட்டத்தட்ட 9 யூனிட் கரண்ட்டுக்கு சமமான சக்தி இருக்கு. 50 லிட்டர் டேங்க் நிரப்பினா 450 யூனிட். அத வச்சு ஒரு நடுத்தர கார் 700 கிலோமீட்டர் ஓடும். அதே அளவு எலக்ட்ரிக் கார்ல பேட்டரி 60 யூனிட் தான், ஆனா அது 380 கிலோமீட்டர் போயிருது. ஏழு மடங்குக்கு மேல சக்திய சுமந்துக்கிட்டு போயும் பெட்ரோல் காருக்கு ரெண்டு மடங்கு தூரம் கூட கிடைக்கல. மிச்ச சக்தியெல்லாம் எங்க போச்சுன்னா, சூடாகி ரேடியேட்டர் வழியாவும் சைலன்சர் வழியாவும் காத்துல போயிருச்சு. மோட்டார்ல இந்த வீணடிப்பு ரொம்ப கம்மி, பிரேக் அடிக்கும்போது கொஞ்சம் சக்தி பேட்டரிக்கே திரும்பியும் வரும்.

இப்போ புகைக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர்னு வச்சா 16 கிலோ, எண்ணெய் எடுக்க, சுத்திகரிக்க, கொண்டு வர ஆகுறதையும் சேர்த்தா 19, 20 கிலோ வரும். எலக்ட்ரிக் காருக்கு அதே தூரத்துக்கு சார்ஜ் ஏத்தும்போது வீணாகுறதும் சேர்த்து 18 யூனிட் வேணும், அது முழுக்க முழுக்க நிலக்கரி கரண்ட்டா இருந்தா யூனிட்டுக்கு ஒரு கிலோ பக்கத்துல வரும், ஆக 17, 18 கிலோ. அதாவது கரண்ட் எல்லாம் நிலக்கரியிலிருந்தே வர்ற இடத்துல ரெண்டும் ஏறக்குறைய சமம், பேட்டரி தயாரிக்கும்போது வெளிவந்த சில டன்னையும் சேர்த்துக்கிட்டா எலக்ட்ரிக் கார் பின்தங்கியும் போகலாம். அந்த மட்டுக்கும் நீங்க சொல்றது நியாயம் தான், அத நான் போன இதழ்லயே சொல்லியிருக்கணும்.

ஆனா முழுக்க நிலக்கரியில மட்டும் ஓடுற மின்சாரம் எத்தன இடத்துல இருக்கு? பாதி நிலக்கரி, மீதி நீர், காத்து, சூரியன், அணுன்னு கலந்து வந்தாலே 18 கிலோ ஒம்பதா குறைஞ்சிருது. இன்னொன்னும் இருக்கு, எனக்கு இது தான் பெருசா படுது. இன்னைக்கு வாங்குன பெட்ரோல் கார் பத்து வருஷம் கழிச்சும் இதே புகைய தான் விடும், வயசாக ஆக கொஞ்சம் கூடவும் விடும், ஆனா எலக்ட்ரிக் கார் அப்படி இல்ல, மின் நிலையம் மாற மாற அதே பழைய காரோட புகை கணக்கும் தானா இறங்கிக்கிட்டே வரும். அதனால தான் சொல்றேன், காருக்கு மட்டும் காசு குடுத்துட்டு மின் நிலையத்த அப்படியே விட்டுட்டா அது அரை வேலை.

கேள்வி: நான் சின்னதா ஒரு அச்சகம் நடத்துறேன். ரெண்டு மாசம் தவணை கட்டலன்னா பேங்க்லேர்ந்து ஆள் வந்து நிக்கிறாங்க. பெரிய கார் கம்பெனி தலைகீழா விழுந்தா மட்டும் அரசாங்கம் ஓடிப் போய் தூக்கி விடுது. என் வரிப்பணத்த எடுத்து அவங்க கடனை அடைக்கிறது என்னங்க நியாயம்?

உங்க கோவம் நியாயமானது, மொதல்ல அத சொல்லிடுறேன். வந்த கடிதத்துலயே என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது உங்களோடது தான்.

ஏன் காப்பாத்துறாங்கன்னு பாப்போம், அப்புறம் காப்பாத்துன விதம் சரியான்னு பாப்போம். 2008 கடைசியில அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் கையில காசில்லாம நின்னப்போ, அங்க ஒரு விஷயம் நடந்துச்சு. ஃபோர்டு கம்பெனி அந்த மீட்பு பணத்த வாங்கல, ஆனா அதோட தலைவர் ஆலன் முலாலி நாடாளுமன்றத்துக்கு போய், என் போட்டிக்காரங்கள காப்பாத்துங்கன்னு பேசினாரு. போட்டிக்காரன் அழிஞ்சா சந்தை முழுக்க தனக்குத் தானேன்னு அவர் நினைக்கல, ஏன்னா சீட் செய்யுறவன், ஒயரிங் செய்யுறவன், கண்ணாடி செய்யுறவன், போல்ட் செய்யுறவன் எல்லாம் மூணு கம்பெனிக்கும் பொது, ரெண்டு கம்பெனி பணம் தராம படுத்துட்டா அந்த சப்ளையர்கள் விழுவாங்க, அவங்க விழுந்தா அடுத்த மாசம் ஃபோர்டு லைனும் நிக்கும். கார் கம்பெனிங்கிறது ஒத்தை மரம் இல்ல, அத புடிச்சு படர்ந்திருக்கிற கொடிங்க ஆயிரக்கணக்குல இருக்கு. அந்த கொடியில உங்களை மாதிரி சின்னதா தொழில் பண்றவங்களும் நிறைய பேர்.

சரி, காப்பாத்துன விதத்துக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸுக்கு மட்டும் 4,950 கோடி டாலர் போச்சு. 2009 ஜூன் 1ஆம் தேதி கம்பெனி திவால் மனு குடுத்துச்சு, பழைய பங்குதாரர்களோட பங்கெல்லாம் வெத்து காகிதமாச்சு, பாண்டியாக், சாட்டர்ன்னு பல பிராண்டுகள மூடினாங்க, திவாலுக்கு அப்புறம் உருவான புது கம்பெனியில அரசாங்கத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல பங்கு வந்துச்சு. 2013 டிசம்பர்ல கடைசி பங்க வித்துட்டு வெளிய வந்தப்போ திரும்பி வந்தது சுமார் 3,900 கோடி டாலர். ஆயிரம் கோடி டாலருக்கு மேல மக்கள் தலையில விழுந்துச்சு. வேலையெல்லாம் போயிருந்தா அதவிட பெரிய அடி விழுந்திருக்கும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அத நான் மறுக்கல, ஆனா நஷ்டம் நஷ்டம் தான்.

இதோட இன்னொன்ன ஒப்பிட்டு பாருங்க. அதே கிரைஸ்லர், 1979ல ஒரு தடவை விழப் பார்த்துச்சு. அப்போ அரசாங்கம் கையிலேர்ந்து காசு எடுத்து குடுக்கல, 150 கோடி டாலர் வரைக்கும் கடன் வாங்கிக்கோ, நீ கட்டலன்னா நான் கட்டுறேன்னு ஜாமீன் போட்டுச்சு. சும்மாவும் போடல, தொழிலாளிங்க சம்பளத்துல விட்டுக் குடுக்கணும், கடன் குடுத்த பேங்குங்க விட்டுக் குடுக்கணும்னு நிபந்தனை வச்சாங்க, அதுக்கு மேல கம்பெனியோட பங்க ஒரு குறிப்பிட்ட விலைக்கு பின்னாடி வாங்கிக்கிற உரிமையையும் எழுதி வாங்கிக்கிட்டாங்க. அப்போ கிரைஸ்லர் தலைவரா இருந்த லீ ஐயகோக்கா கம்பெனிய தூக்கி நிறுத்தினாரு, 1983ல கெடுவுக்கு ஏழு வருஷம் முன்னாடியே கடன் அடைஞ்சிருச்சு, பங்கு விலை ஏறினதுல அந்த உரிமைய வித்து அரசாங்கத்துக்கு 30 கோடி டாலருக்கு மேல லாபம். நீங்க அச்சகத்துக்கு ஜாமீன் கேட்டா உங்க மாமாவோ மச்சானோ எப்படி நாலு நிபந்தனை போடுவாங்களோ அப்படி.

அதனால என் பதில் இது தாங்க. கை குடுக்குறது தப்பில்ல. நஷ்டத்துல பங்கு வாங்கிக்கிட்டு லாபத்துல பங்கு கேக்காம விடுறாங்களே, அது தான் தப்பு. உங்க வரிப்பணம் போகுதுன்னா, ஜெயிச்சா அதுல உங்களுக்கும் ஒரு பாகம் வரணும். இத கேக்குற உரிமை உங்களுக்கு நூத்துக்கு நூறு இருக்கு.

கேள்வி: டெஸ்லாவும் அரசாங்க கடன்ல வளர்ந்தது தான்னு சொல்றாங்களே, நெசமா?

நெசம் தான், மேல சொன்னதுக்கு இதவிட நல்ல உதாரணமும் கிடைக்காது. அமெரிக்க எரிசக்தி துறையோட ஒரே கடன் திட்டத்துல ரெண்டு புது கம்பெனிக்கு 2010ல கடன் குடுத்தாங்க. டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர். ஃபிஸ்கர்னு இன்னொரு கம்பெனிக்கு 52.9 கோடி ஒதுக்கினாங்க, சொன்ன கெடுவுக்குள்ள சொன்ன வேலைய முடிக்கலன்னதும் 19.2 கோடியோட நிறுத்திட்டாங்க. ஃபிஸ்கர் 2013ல திவால், அரசாங்கத்துக்கு கிட்டத்தட்ட 13.9 கோடி டாலர் நஷ்டம். அதே 2013 மே மாசம் டெஸ்லா மொத்த கடனையும் வட்டியோட, கெடுவுக்கு ஒம்பது வருஷம் முன்னாடியே அடைச்சிருச்சு.

டெஸ்லா கடன் பத்திரத்துல அரசாங்கத்துக்கு சுமார் 30 லட்சம் பங்கு வாங்குற உரிமையும் எழுதியிருந்துச்சு, பத்து டாலருக்கும் கம்மியான விலையில. ஆனா கடன சீக்கிரம் அடைச்சா அந்த உரிமை செல்லாதுன்னு ஒரு விதி. அடைச்சாங்க, உரிமை போச்சு. அதுக்கப்புறம் அந்த பங்கு எங்க போய் நின்னுச்சுன்னு உலகத்துக்கே தெரியும். அந்த ஒரு விதி மட்டும் இல்லன்னா ஃபிஸ்கர் நஷ்டத்த இதுலயே ஈடு கட்டி, இன்னும் பத்து புது கம்பெனிக்கு கடன் குடுக்குற அளவுக்கு மிஞ்சியிருக்கும். கடன சீக்கிரம் கட்டினவருக்கு ஒரு சலுகை வேணும்கிறது சரி தான், அதுக்கு மொத்த உரிமையையும் விட்டுக் குடுத்தாங்க பாருங்க, அது எனக்கு இன்னைக்கும் ஆத்தாமையா இருக்கு.

யார் ஜெயிப்பா, யார் தோப்பான்னு முன்னாடியே எவனாலயும் சொல்ல முடியாது. 2010ல ரெண்டு கம்பெனியையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சிருந்தா ஃபிஸ்கர் கார் தான் அழகுன்னு நிறைய பேர் சொல்லியிருப்பாங்க.

கேள்வி: மாமா, எங்கப்பா இருவத்தஞ்சு வருஷமா கார் மெக்கானிக். எலக்ட்ரிக் கார் வந்தா எங்க வீட்ல அடுப்பு எரியுமான்னு எனக்கு பயமா இருக்கு. இத பத்தி யாருமே எழுத மாட்டேங்குறீங்க. (பிளஸ் டூ மாணவி)

நீ கேட்டது ரொம்ப சரியான கேள்வி பாப்பா. பொய்யா ஒரு தைரியம் சொல்ல மாட்டேன். ஆயில் மாத்துறது, ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச், சைலன்சர், ரேடியேட்டர் அடைப்பு, இந்த வேலையில பாதிக்கு மேல எலக்ட்ரிக் கார்ல கிடையாது. பிரேக் பேடு கூட மெதுவா தான் தேயும், ஏன்னா மோட்டாரே வண்டிய இழுத்து நிறுத்துது. டயர், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், ஏசி, பாடி வேலை இதெல்லாம் அப்படியே இருக்கும், வண்டி கனமா இருக்குறதால டயர் வேலை கொஞ்சம் கூடவே வரும்.

என் கூட்டாளி ஒருத்தர், அவரும் அப்பா மாதிரி இன்ஜின் வேலையில ஊறினவர், இப்போ எலக்ட்ரிக் கார் பழகிட்டாரு. ஒரு நாள் அவர் பட்டறையில உக்காந்து அவர் பேட்டரி கழட்டுறத முழுசா பாத்தேன். வண்டிய லிஃப்ட்ல ஏத்தினதும் அடியில ஆரஞ்சு கலர்ல தடி தடியா கேபிள் ஓடுது, ஆரஞ்சுன்னா ஹை வோல்டேஜ், 400 வோல்ட் பக்கம், தொட்டா ஆள் மிஞ்ச மாட்டான். மொதல்ல பேட்டரி கரண்ட்ட துண்டிக்கிற சர்வீஸ் பிளக்க உருவி தன் பாக்கெட்டுலயே போட்டுக்கிட்டாரு, வேற யாரும் தெரியாம திரும்ப சொருகிடக் கூடாதுன்னு. அப்புறம் ரப்பர் கிளவுஸ காதுகிட்ட வச்சு காத்து அடைச்சு அமுக்கி, எங்கயாவது ஓட்டை இருக்கான்னு சத்தத்த கேட்டு பாத்தாரு. பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்தோம், உள்ள கெப்பாசிட்டர்ல தேங்குன கரண்ட் வடியணுமாம். மீட்டர் வச்சு பூஜ்ஜியம்னு காட்டினதும் தான் ஸ்பேனர எடுத்தாரு. பேட்டரி மூடிய தொறந்தா, நான் ஏதோ ஒரே பெரிய கட்டியா இருக்கும்னு நினைச்சேன், இல்ல, புத்தகம் அடுக்கின மாதிரி வரிசையா பெட்டிங்க, நடுவுல தண்ணி ஓடுற மெல்லிசான பைப்பு. அதுல ஒரே ஒரு பெட்டி மட்டும் தான் கெட்டுப் போயிருந்துச்சு. அந்த வண்டிக்காரருக்கு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல முழு பேட்டரியையும் மாத்தணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க, இவர் அந்த ஒரு பெட்டிய மட்டும் மாத்தி, மத்ததோட வோல்டேஜுக்கு சமன் பண்ணி ஓட விட்டுட்டாரு.

உங்கப்பாவோட கை அந்த வேலைக்கு லாயக்கான கை தான் பாப்பா. ஆனா சும்மா பாத்து பழகுற வேலை இல்ல, பயிற்சி இல்லாம தொடவே கூடாது. அங்க தான் அரசாங்கம் வரணும். கம்பெனிக்கு மானியம் குடுக்கும்போதே ரெண்டு நிபந்தனை போடலாம்: வெளி மெக்கானிக்குங்களுக்கு பயிற்சி குடு, ரிப்பேர் மேனுவலையும் சாஃப்ட்வேர் சாவியையும் அவங்களுக்கும் தொறந்து விடு. பெட்ரோல் கார் ஒரே நாள்ல மறையப் போறதில்ல, ரோட்ல இருக்குற வண்டிங்க இன்னும் பதினஞ்சு இருவது வருஷம் ஓடும், அப்பாவுக்கு நேரம் இருக்கு. ஆனா அவர் இந்த வருஷமே ஒரு ஹை வோல்டேஜ் பயிற்சி வகுப்புல சேர்ந்தா நல்லதுன்னு நான் சொன்னதா சொல்லு. நீ படிக்கப் போறது எலக்ட்ரிக்கல் பக்கம்னா ரெண்டு பேரும் சேர்ந்தே பட்டறைய நடத்தலாம்.

கேள்வி: மானியத்த வாங்குறவங்க எல்லாம் ரெண்டாவது கார், மூணாவது கார் வாங்குற வசதியானவங்க தானே? பஸ்ல போறவன் வரியில அவங்களுக்கு எதுக்கு தள்ளுபடி?

ஆரம்பத்துல அப்படித் தான் நடக்குது, அத மறைக்க முடியாது. நார்வேய பாருங்க. அங்க சொல்லிக்கிற மாதிரி பெரிய கார் கம்பெனியே கிடையாது, அதனால காசு தயாரிக்கிறவனுக்கு போகல, வாங்குறவனுக்கு வரிச் சலுகையா போச்சு. பெட்ரோல் கார் மேல கடுமையான வரி, எலக்ட்ரிக் காருக்கு அந்த வரியும் இல்ல, 25 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் இல்லன்னு 2001லேர்ந்தே வச்சிருந்தாங்க. விளைவு, 2024ல அங்க வித்த புது கார்ல கிட்டத்தட்ட பத்துக்கு ஒம்பது எலக்ட்ரிக். குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கிடும்னு சொல்லுவாங்க, அது உண்மையும் கூட, ஆனா பனி கொட்டுற ஊர்லயே இது நடந்திருக்கு. ஆனா நீங்க சொல்ற குறை அங்கயும் வந்துச்சு, விலை கூடின சொகுசு கார் வாங்குறவனுக்கு தான் வரி அதிகமா மிச்சமாச்சு, அதனால 2023லேர்ந்து 5 லட்சம் குரோனருக்கு மேல போற விலைக்கு வரி கட்டணும்னு மாத்துனாங்க. இந்த வரம்ப மொத நாளே வச்சிருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க.

என்னை கேட்டா, மானியத்துல மொத உரிமை பஸ்ஸுக்கு, அப்புறம் நாள் பூரா ஓடுற டாக்ஸிக்கும் டெலிவரி வண்டிக்கும், அப்புறம் தான் வீட்டு காருக்கு. ஒரு வீட்டு கார் நாள்ல இருவத்துமூணு மணி நேரம் சும்மா நிக்குது, ஒரு டாக்ஸி அதவிட அஞ்சாறு மடங்கு ஓடுது, ஒரே அளவு மானியத்துக்கு எங்க பெட்ரோல் அதிகம் மிச்சமாகும்னு பாத்தாலே போதும்.

கேள்வி: மானியத்த நிறுத்திட்டா வியாபாரமே படுத்துரும்னா அது என்ன பெரிய தொழில்நுட்பம்?

எப்படி நிறுத்துறாங்கங்கிறதுல தான் விஷயமே இருக்கு. ஜெர்மனியில 2023 டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை அறிவிச்சு மறுநாளோட மானியத்த முடிச்சாங்க, பட்ஜெட் பத்தி அரசியல் சாசன கோர்ட் தீர்ப்பு வந்து கையில காசில்லாம போனதால. கார் புக் பண்ணிட்டு டெலிவரிக்கு காத்திருந்தவங்க நடுத்தெருவுல நின்னாங்க, அடுத்த வருஷம் எலக்ட்ரிக் கார் விற்பனை கால்வாசிக்கு மேல விழுந்துச்சு. சீனாவுல 2009ல ஆரம்பிச்ச மானியத்த வருஷா வருஷம் குறைச்சுக்கிட்டே வந்து 2022 கடைசியோட கார் வாங்குறதுக்கான மத்திய மானியத்த நிறுத்தினாங்க, வாங்குறவனும் தயாரிக்கிறவனும் அதுக்குள்ள தயாராகிட்டான், விற்பனை ஏறிக்கிட்டே தான் போச்சு. ஆனா அங்கயும் எல்லாம் சுத்தம்னு நான் சொல்ல மாட்டேன், 2016ல அவங்க நிதி அமைச்சகமே அஞ்சு கம்பெனி பொய்க்கணக்கு காட்டி 100 கோடி யுவானுக்கு மேல மானியம் வாங்க பாத்துச்சுன்னு பேரோட வெளியிட்டுச்சு. வண்டி ஓடுதா, எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பாக்காம, பதிவு எண்ண மட்டும் பாத்து காசு குடுத்தா எந்த நாட்லயும் இது நடக்கும்.

இன்னொன்னு, பேட்டரி விலை. 2010ல ஒரு யூனிட் கொள்ளளவு உள்ள பேட்டரிக்கு 1,000 டாலருக்கு மேல. 2024ல சராசரியா 115 டாலர். ஆளுங்க வாங்க வாங்க, ஃபேக்டரி பெருசாக பெருசாக, விலை இறங்கிச்சு. மானியம் செஞ்ச உருப்படியான வேலை இது தான், மொத பத்து வருஷத்து நஷ்டத்த தாங்கி விலைய இறக்கி விட்டுச்சு. அந்த வேலை முடிஞ்ச இடத்துல நிறுத்திட வேண்டியது தான், தேதிய முன்னாடியே சொல்லிட்டு.

கேள்வி: அரசாங்கம் தலையிடலன்னா நல்ல தொழில்நுட்பம் தானா ஜெயிக்காதா?

சில சமயம் ஜெயிக்கும். ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடியே எலக்ட்ரிக் கார் ஓடிக்கிட்டு தாங்க இருந்துச்சு, 1900 வாக்குல அமெரிக்க ரோட்ல பெட்ரோல் காரவிட அது தான் அதிகம். பெட்ரோல் கார ஸ்டார்ட் பண்ண முன்னாடி நின்னு கம்பிய சுத்தணும், கை எலும்பு ஒடிஞ்சவங்க உண்டு. 1912ல காடிலாக் கார்ல சார்லஸ் கெட்டரிங் கண்டுபிடிச்ச எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்துச்சு, ஃபோர்டு மாடல் டி விலையும் இறங்கிச்சு, அதோட எலக்ட்ரிக் கார் ஓரங்கட்டப்பட்டுச்சு. அப்புறம் கலிஃபோர்னியா 1990ல புகையில்லா வண்டி குறிப்பிட்ட அளவு வித்தே ஆகணும்னு சட்டம் போட்ட பின்னாடி, ஜெனரல் மோட்டார்ஸ் 1996ல ஈவி ஒன்னுன்னு ஒரு கார கொண்டு வந்தாங்க. 1,117 வண்டி. விக்கல, வாடகைக்கு மட்டும். சட்டம் தளர்ந்ததும் திருப்பி வாங்கி பெரும்பாலானத நசுக்கிட்டாங்க, காசு தர்றோம் எங்களுக்கே குடுங்கன்னு ஓட்டினவங்க கெஞ்சியும் கேக்கல. சட்டத்தோட அழுத்தம் இருந்த வரைக்கும் கார் இருந்துச்சு, அது போனதும் காரும் போச்சு.

ஆராய்ச்சியையும் மறந்துடாதீங்க. லித்தியம் அயான் பேட்டரிக்காக 2019ல வேதியியல் நோபல் வாங்கின மூணு பேர்ல விட்டிங்ஹாம் 1970கள்ல எக்ஸான் எண்ணெய் கம்பெனியில இருந்தப்போ அத ஆரம்பிச்சாரு. குட்இனஃப் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல அத முன்னெடுத்தாரு, யோஷினோ ஜப்பான்ல ஒரு ரசாயன கம்பெனியில முழுமையாக்கினாரு. 1991ல சோனி விக்க ஆரம்பிச்சுது. ரெண்டு கம்பெனி லேபுக்கு நடுவுல ஒரு பல்கலைக்கழகம், கார்ல வர்றதுக்கு அதுக்கப்புறமும் பல வருஷம். இவ்வளவு நாள் பொறுமை வரவு செலவு பாக்குற எந்த கம்பெனிக்கும் தனியா இருக்காது.

கேள்வி: காங்கோவுல சின்னப் பசங்க கோபால்ட் தோண்டுற படத்த பாத்ததுலேர்ந்து எனக்கு எலக்ட்ரிக் கார் வாங்க மனசே வரல.

அந்த மனசு இருக்கட்டும்மா, அது வேணும். நிறைய பேட்டரியில சேர்க்குற உலோகம் இந்த கோபால்ட், உலகத்துக்கு கிடைக்குறதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல காங்கோவுலேர்ந்து வருது, அதுல ஒரு பகுதி கையால தோண்டுற குழிங்கள்லேர்ந்து, அங்க சின்னப் பசங்க வேலை செய்யுறதும் உண்மை. ஆனா இப்போ நிறைய கார்ல லித்தியம் அயர்ன் பாஸ்பேட்னு ஒரு வகை பேட்டரி வருது, அதுல கோபால்ட்டும் கிடையாது, நிக்கலும் கிடையாது. கொஞ்சம் கனம் கூட, குளிர்ல கொஞ்சம் மந்தம், ஆனா விலை கம்மி, ஆயுசு அதிகம், தீப்பிடிக்கிற பயமும் கம்மி. கார் வாங்கப் போகும்போது பேட்டரி எந்த வகைன்னு கேளுங்க. விக்கிறவருக்கு தெரியலன்னா தெரிஞ்சவர கூப்பிடச் சொல்லுங்க, பத்து பேர் கேட்டா கம்பெனிக்கு தகவல் போயிரும்.

கேள்வி: அரசாங்கமே ஏன் கார் கம்பெனிய எடுத்து நடத்தக் கூடாது?

பிரிட்டன்ல செஞ்சு பாத்தாங்க. 1975ல பிரிட்டிஷ் லேலண்ட அரசாங்கம் எடுத்துக்கிச்சு, பல வருஷம் பணத்த கொட்டினாங்க, பகுதி பகுதியா வித்தாங்க, கடைசியா மிஞ்சின எம்ஜி ரோவர் 2005ல மூடி லாங்பிரிட்ஜ் ஃபேக்டரியில 6,000 பேர் அளவுக்கு வேலைய இழந்தாங்க. வேலைய காப்பாத்துறது மட்டுமே குறியா இருந்துச்சு, நல்ல கார் செய்யுறது ரெண்டாம் பட்சமாச்சு, அந்த வேலையும் நிக்கல.

கேள்வி: எல்லாம் சரி, இப்போ வாங்கலாமா வேணாமா? ஒரே வரியில சொல்லுங்க.

ராத்திரி வண்டி நிக்கிற இடத்துல உங்களுக்கு சொந்தமா ஒரு பிளக் பாயின்ட் இருந்தா வாங்குங்க, இல்லன்னா பொறுங்க.

ஒரு வரிக்கு மேல கொஞ்சம் சொல்லிக்கிறேன். நான் ஒரு தடவை நண்பரோட எலக்ட்ரிக் கார்ல வெளியூர் போயிட்டு திரும்பும்போது 11 சதவீதத்துல ஒரு சார்ஜிங் ஸ்டேஷனுக்கு போனோம். நாலு மிஷின் இருக்கு, ரெண்டுல ஸ்கிரீனே எரியல, ஒன்னு நம்ம கார்டை எடுக்கல, மிச்சம் ஒன்னு, அதுல முன்னாடி ஒரு குடும்பம், கைக்குழந்தையோட. அவங்க கார் 80 சதவீதம் தாண்டிருச்சு, அதுக்கு மேல மிஷின் வேகத்த தானா குறைச்சிரும், 60 கிலோவாட்ல ஏறினது 15க்கு இறங்கிருச்சு, அவருக்கு அது தெரியல, நூறு ஆகட்டும்னு உக்காந்திருந்தாரு. விவரத்த சொன்னதும் பாவம், உடனே எடுத்து விட்டாரு. வீட்டுக்கு வரும்போது ராத்திரி ஒன்னரை. அந்த ஸ்டேஷன் கட்டவும் மானியம் போயிருக்கு. நாலு மிஷின் வச்சியான்னு எண்ணிப் பாத்து காசு குடுத்திருக்காங்க, அதுல எத்தன மிஷின் வேலை செய்யுதுன்னு யாரும் திரும்பி வந்து பாக்கல. வேலை செஞ்ச நாளுக்கு மட்டும் காசுன்னு எழுதியிருந்தா அந்த ரெண்டு ஸ்கிரீனும் அன்னைக்கு எரிஞ்சிருக்கும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறதா இருந்தா பேட்டரி ஆரோக்கியம், அதாவது புதுசுல இருந்த கொள்ளளவுல இப்போ மிச்சம், எத்தன சதவீதம்னு டெஸ்ட் ரிப்போர்ட் எழுத்துல கேளுங்க, நிறைய கம்பெனி எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரைக்கும் 70 சதவீதத்துக்கு கீழ போகாதுன்னு வாரன்டி தர்றாங்க, அந்த வாரன்டி அடுத்த ஓனருக்கும் மாறுமான்னு பத்திரத்துல படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.